மூன்றாவது ஹேண்டில் பார்

ஹேண்டில் பார் மேல் பழி போடுவது ரொம்பச் சுலபம். அது திருப்பிப் பேசாது. மூன்று மாதம் நான் அதைத்தான் செய்தேன், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் பெங்களூர் பொம்மனஹள்ளியிலிருந்து பைக்கில் கிளம்பி, நானூறு நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என் வழக்கம். ஏற்காடு, சக்லேஷ்பூர், எங்கேயாவது. அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டீ குடிப்பேன், திரும்பி வருவேன். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுப் பொந்துக்குள் நிற்கிறவனுக்கு ஒரு நாளாவது வானம் வேண்டும், அவ்வளவுதான்.

வைட்ஃபீல்ட் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருவன் லிஃப்டின் கூரை மேல் நின்று போல்ட்டுகளை முடுக்குவான். இன்னொருவன் கட்டடத்தின் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி அங்குள்ள வேலையைப் பார்ப்பான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது என்பது விதி. நேரம் போதாது என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் செய்வோம். அதனால் ஒன்றில் மட்டும் கறாராக இருப்போம்: மேலே நிற்பவன் ஸ்பேனரைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் கையிலிருந்து எது நழுவினாலும் அது நேராகக் கீழே இருப்பவன் தலைக்குத்தான் போகும்.

என் ஜோடி துமகூருக்காரன். கன்னடக்காரன்தான், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவான், நடுநடுவே கன்னடம் ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு வருஷமாக என்னை அவன் கூப்பிடுவது ‘குரு’ என்றுதான், நான் அவனைக் கூப்பிடுவதும் அதேதான். பெங்களூரில் அதற்கு ஆசான் என்று அர்த்தமில்லை, தோளில் கை போடுகிறவனைக் கூப்பிடும் வார்த்தை. மேனேஜரையும், குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரியையும், பிடிக்காத எல்லோரையும் ‘சார்’ என்பான். அந்த ‘சார்’ அவன் வாயில் கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

முதன்முதலில் அது வந்தது தொப்பூர் இறக்கத்தில். ஏற்காடு போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, இரண்டும் பிரேக் பிடித்துப் பிடித்து ரப்பர் தீய்கிற வாடை. ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில்தானே இருக்கின்றன. அந்தக் கை திடீரென்று அங்கே இல்லாததுபோல் ஆகிவிட்டது. குனிந்து பார்த்தேன், இருந்தது. பார்த்ததும் பிடியும் சரியாக வந்தது. கீழே இறங்கி ஒரு டீக்கடையில் நிறுத்தி, கையை உதறிக்கொண்டே, “ஜோமு புடிச்சிடுச்சு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜோமு கன்னட வார்த்தை. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் ஊசி ஊசியாகக் குத்துமே, அது. ஜோலார்பேட்டையிலிருந்து இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகிறது, அந்த வார்த்தை எப்போது என் வாயில் ஒட்டிக்கொண்டதென்று தெரியவில்லை. அதில் ஒரு வசதி இருக்கிறது. உதறினால் போய்விடும் என்கிற ஆறுதல் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் யோசித்திருந்தால் மரத்துப்போச்சு என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பயந்திருப்பேன்.

ஊர் திரும்பியதும் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கம்பெனியில் கொடுக்கிற ஹேண்டில் பார் தூரப் பயணத்துக்கு லாயக்கில்லை, உடம்பு முன்னால் சாய்கிறது, பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்குகிறது என்று கடைக்காரர் சொன்னார். நான் கேட்க ஆசைப்பட்டதையே ஒருவர் சொன்னால் எவ்வளவு பிடித்துப்போகிறது! ஒரு ஜாண் உயரமான பார் ஒன்றை வாங்கி மாட்டினேன். முதுகு நிமிர்ந்தது. ஆனால் பழைய கேபிளின் நீளம் அதற்குப் போதவில்லை. ஹேண்டிலை இடது பக்கம் முழுதாக ஒடித்தால் கேபிள் இழுபட்டு, நான் முறுக்காமலே இன்ஜின் உறுமியது. பார்க்கிங்கில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் என்னைக் கேட்காமல் அது கத்தியது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே நீளமான கேபிள் போட்டுக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. நான் சொல்லாததை ஒரு வண்டி செய்கிறது என்பது எனக்கு என்னவோ போல் இருந்தது.

அந்த உயரப் பாரை மாட்டிக்கொண்டு சக்லேஷ்பூர் போனேன். காற்று முழுவதும் நெஞ்சில் அடித்தது, தோள்பட்டை இற்றுவிட்டது. ஹாசன் தாண்டுவதற்குள் கை மறுபடியும் போய்விட்டது. சரி, பார் சரியில்லை என்றேன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டாவது வாங்கினேன். உயரம் குறைவு, அகலம் அதிகம், நுனிகள் நம் பக்கமாக வளைந்து வரும். அதிர்வு கைக்கு வராமலிருக்க நுனியில் கனமான இரும்பு உருளைகள், மேலே மெத்தென்று ஸ்பாஞ்ச் பிடி. எல்லாம் போட்டாயிற்று. சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் எப்போதும் புகுந்து வரும் சந்தில் புகுந்தேன், புது பாரின் நுனி ஒரு காரின் கண்ணாடியை மடக்கிவிட்டது. அந்த ஆள் கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்தார். பாரின் அகலம் இன்னும் கைக்குப் பழகவில்லை என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அது இடித்ததே எனக்குக் கையில் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

வீட்டில் என் மனைவிக்கு வேறொரு புகார். வேலைக்குப் போடுகிற சட்டைகள் துவைக்க வரும்போது பட்டன் போட்டபடியே வந்தன.

“ஏங்க, பட்டனைக்கூடக் கழட்ட முடியாதா? அப்படியே தலை வழியா உருவிப் போடறீங்க, மறுநாள் அப்படியே மாட்டிக்கறீங்க. அவ்வளவு சோம்பேறித்தனமா?”

“டயர்டா இருக்கு, விடு.”

“நாள் பூரா அந்த ஹேண்டிலைத் தடவிட்டு நிக்க மட்டும் டயர்டு இல்ல.”

சோம்பேறி என்று திட்டு வாங்குவதே எனக்கு நிம்மதியாக இருந்தது. பட்டனைப் பார்த்துக்கொண்டே கழற்றினால் கழன்றது. ஆனால் கழுத்துக்குக் கீழே உள்ள முதல் இரண்டு பட்டனைக் கண்ணால் பார்க்க முடியாதே. அவற்றை விரல்கள் தேடிக்கொண்டே இருக்கும், கிடைக்காது. ஒரு தடவை கண்ணாடி முன் நின்று கழற்றினேன். அப்புறம் அந்த வேலையே வேண்டாம் என்று உருவ ஆரம்பித்தேன்.

வேலையிடத்தில் என் ஜோடிக்கு இதெல்லாம் ஒரே தமாஷ்.

“ஏனு குரு, இந்த வாரம் எந்தப் பாரு?”

“மூணாவது பார்க்கணும். ஜோமு விடல.”

“பாரை மாத்தறதுக்குப் பதிலா ஆளை மாத்து குரு. வண்டி சன்னாகிதே!”

வண்டி நன்றாகத்தான் இருக்கிறதாம். நானும் சிரித்தேன். அவன் சிரித்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான், நான் மேலே போனேன்.

சிவாஜிநகரில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு பாய் கடையைப் பற்றிச் சொன்னவனும் அவன்தான். இறைச்சிக் கடைகளைத் தாண்டிய ஒரு சந்தில் கடை. தூரம் ஓட்டுகிறவர்களுக்குப் பாய் பார் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற விதமே தனி. ஒரு மரச் சட்டத்தின் மேல் பைக் சீட்டையும், கீழே கால் வைக்க இரண்டு இரும்புத் துண்டையும் பொருத்தி வைத்திருந்தார். வந்தவரை அதில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, வண்டி ஓட்டுகிற மாதிரி கையை நீட்டச் சொல்வார். நீட்டிய கை எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் அந்த ஆளின் பார். கண்ணைத் திறந்து வைத்தால் ஜனங்கள் அழகைப் பார்த்து வாங்கிவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

“இன்னா சார், தூரம் போற வண்டியா?”

“ஆமா பாய். ரெண்டு பாரு மாத்திட்டேன். கை ஜோமு புடிக்குது.”

“குந்துங்க. கண்ணை மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது, ஆமா.”

உட்கார்ந்தேன், மூடினேன், கையை நீட்டினேன். ஒவ்வொரு பாராகக் கையில் கொடுத்தார்.

“இது?”

“அகலம் ஜாஸ்தி பாய்.”

“இது?”

“தோள் இழுக்குது.”

“இது எப்படி?”

“இது நல்லா இருக்கு. இதான்.”

“ரெண்டு கைக்கும் சரியா இருக்குதா?”

“சரியா இருக்கு பாய். கச்சிதம்.”

சந்தில் யாரோ கோழிக்கூடையை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. “திறங்க சார்” என்றார், குரல் மாறியிருந்தது.

திறந்தேன். பாரின் இடது நுனி என் இடது கையில் இருந்தது. வலது நுனியை என் கையிலிருந்து உருவி, ஒரு முழம் தள்ளி, அவர் பிடித்துக்கொண்டிருந்தார். என் வலது கை வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

“எப்ப எடுத்தீங்க?”

“அப்பவே எடுத்துட்டேன். நீங்க கச்சிதம்னு சொல்றதுக்கு முன்னாடியே.” பாரை ஆணியில் திரும்ப மாட்டினார். “இது ஜோமு இல்ல சார். டாக்டராண்ட போங்க. உங்களுக்கு நான் பாரு விக்க மாட்டேன்.”

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வியாபாரம் செய்யத் தெரியாத ஆள், வித்தை காட்டுகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். நான்கு கடை தள்ளி, அதே மாதிரி ஒரு பாரைக் கண்ணைத் திறந்துகொண்டே வாங்கினேன். அதுதான் மூன்றாவது.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மறைத்துச் சொல்ல இப்போது ஒன்றுமில்லை. தெரிந்தும் டாக்டரிடம் போகவில்லை. போனால் லிஃப்டுக்குள் ஏறாதே என்பார். ஏறாத ஆளுக்கு எங்கள் வேலையில் இடம் கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்? வண்டியும் ஓட்டாதே என்பார். பயம், வேறு ஒன்றுமே இல்லை. பயந்தவன் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வான் என்று யாரோ நினைக்கலாம். நான் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகினேன். கண் கையின் மேல் இருக்கிற வரை பிடி நிற்கும். மூன்றாவது பாரை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய் வரும்போதுகூடச் சாலையை ஒரு தடவை, கையை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்த மாதம் எந்த ஊருக்கும் போகவில்லை. மழை என்று மனைவியிடம் சொன்னேன்.

முடிச்சுப் போடுவது மட்டும் முடியவே இல்லை. ஸ்பேனரின் கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டினால் இடது கை ஒன்றே முடிச்சைப் போட வேண்டும், அது வராது. இடது மணிக்கட்டில் கட்டினால் வலது விரல்கள் முடிச்சுப் போட வேண்டும், அதுவும் வராது. முன்பெல்லாம் பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு இரண்டு நொடியில் கட்டுவேன், கயிறு விரலில் ஓடுவது தெரியும். இப்போது நுனி எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. அவனிடம் கட்டிவிடச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பானே! அதனால் கட்டுவதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவன் பார்த்துவிட்டான். “கயிறு ஹாக்கு குரு” என்றான். கயிற்றைப் போடு என்று அர்த்தம்.

“ரெண்டு நிமிஷ வேலைதான். நீ இறங்கு.”

இறங்கினான். என் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்றது, அதன் கூரை மேல் நான். அடியில், குழிக்குள், அவன் மொபைலில் பழைய கன்னடப் பாட்டு போட்டுக்கொண்டு வேலை செய்வது மெல்லிசாக மேலே வந்தது. சுவரோரம் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் அதை எட்ட முடியும். அப்படி நின்றால் கை கண்ணுக்குத் தெரியாது. இதைத் தெரிந்தேதான் கையை உள்ளே விட்டேன்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று முடுக்கினேன். முடுக்கினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே எங்கோ இரும்பில் இரும்பு மோதியது. கொஞ்சம் கழித்து, இன்னும் கீழே, இன்னொரு தடவை. யார்டா அது எதையோ போட்டது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அப்புறம் கையை வெளியே இழுத்துப் பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்த மாதிரியே ஐந்து விரலும் மடங்கியிருந்தன. நடுவே ஒன்றும் இல்லை.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஆறு வருஷத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாட்டைத் தவிர எந்தச் சத்தமும் வரவில்லை. ஒன்பது மாடிப் படியையும் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. மனசுக்குள் ஓடியது ஒன்றே ஒன்று, கொன்னுட்டேன், கொன்னுட்டேன்.

சாகவில்லை. இடது தோளில் இறங்கி, கழுத்துப்பட்டை எலும்பை உடைத்திருந்தது. ஹெல்மெட்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போயிருந்தது. நான்கு விரல் அகலம் தள்ளி விழுந்திருந்தால் பிடரி. குழிக்குள் சுருண்டு கிடந்தவன் என் முகத்தைப் பார்த்ததும், “ஏனாயித்து குரு?” என்றான். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டான்.

மறுநாள் நானே டாக்டரிடம் போனேன், மனைவியும் வந்தாள். கழுத்தெலும்புக்கு நடுவே நரம்பு நசுங்கியிருக்கிறது, வருஷக்கணக்காக அண்ணாந்து பார்த்துச் செய்த வேலை, இன்னும் தள்ளிப்போட்டால் காலும் போகும், ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். ஹேண்டில் பாரைப் பற்றி நான் ஆரம்பித்தேன், அவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும் என் மனைவி, “சோம்பேறின்னு திட்டினேனே” என்று சொல்லி நடைபாதையிலேயே அழுதாள். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அதற்கப்புறம் அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன், பஸ்ஸில். போவதற்கு முன்பே எங்கள் சூப்பர்வைசர் போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஸ்பேனர் கட்டின கயிறு அறுந்துவிட்டது, என் மேல் தப்பில்லை என்று அவன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். இல்லாத கயிற்றை எனக்காக அறுத்திருக்கிறான்.

ஜன்னல் ஓரக் கட்டிலில், தோளைச் சேர்த்துக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா குரு. ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க? நான் இன்னும் சாகலப்பா. நாலாவது பாரு யாவாக?”

நாலாவது எப்போது என்று கேட்கிறான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“கயிறு அறுந்துச்சுன்னு ஏன் சொன்ன?”

“பின்ன? கை ஜாரறது எல்லாருக்கும் ஆகறதுதான். அதுக்குப் போய் உன் வேலை போகணுமா?”

“கை நழுவல” என்றேன். “கையில உணர்ச்சியே இல்ல. எனக்குத் தெரியும். சிவாஜிநகர் பாய் கடையிலேயே தெரிஞ்சுபோச்சு. கயிறு கட்ட வரல, அதான் கட்டல. உன்கிட்ட சொல்லல.”

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே தங்கியிருந்தது, போவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“பாய் கடைக்கு எப்ப போன?”

“ஆறு வாரம் ஆகுது.”

“ஆறு வாரம்” என்றான். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ எண்ணினான். ஒவ்வொரு கட்டடமாக, ஒவ்வொரு குழியாக எண்ணுகிறான் என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொன்றிலும் மேலே நான் நின்றிருந்தேன். எண்ணி முடிப்பதற்குள் விட்டுவிட்டான். நல்ல கையால் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

“மன்னிச்சிடு குரு” என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. குரலில் கோபம்கூட இல்லை.

“சரி சார்” என்றான். “நீங்க கிளம்புங்க. லேட்டானா டிராஃபிக் ஜாஸ்தி ஆயிடும்.”